மணத்துக்கு இன்னும் நேரமிருக்கு

ஒரு ஊரில ஒரு மூக்கு இருந்ததாம். அந்த மூக்குக்கு ஒரு மனுசன் இருந்தானாம். மனுசனுக்கு நிசாகரன் என்று பெயர். ஆனால் ஸ்காபரோவில் அவனுடைய கராஜுக்கு வந்து போகிறவர்களுக்கு அவன் மூக்கன். பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் பையை ஒருமுறை திறந்து காட்டினால் போதும், இது போன வருசத்துச் சரக்கு, பாதி நாள் வெயிலில் கிடந்திருக்கு என்று சொல்லிவிடுவானாம். அந்த மூக்கன்தான் இப்போது, புரட்டாதி மாதத்து ஞாயிறு மத்தியானம், கராஜ் கதவை முழுக்க உயர்த்திவிட்டு, காஸ் அடுப்பில் ஏற்றிய பெரிய பானைக்கு முன்னால் நீட்டு அகப்பையோடு நிற்கிறான். பானைக்குள் முளைவிட்ட பார்லியை ஊறவைத்து இறுத்த இனிப்புத் தண்ணீர். அது ஒரு மணித்தியாலம் கொதிக்க வேண்டும். கொதி தொடங்கும்போது ஒரு பிடி ஹொப்ஸ், அது கசப்புக்கு. கொதி முடிகிற கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னொரு பிடி, அது மணத்துக்கு. ஹொப்ஸ் ஒரு கொடியின் பூ. கூம்புக் கூம்பாகப் பூக்கும், காயவைத்து அரைத்து மாத்திரைபோல அழுத்திப் பையில் அடைத்து விற்பார்கள். கசப்புக்குப் போடுகிறதைப் பையில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துப் போடலாம், கணக்குத் தெரிந்தால் போதும். மணத்துக்குப் போடுகிறதற்கு மூக்கு வேண்டும். ஒவ்வொரு வருசமும் மணத்துக்குச் செக் நாட்டு ஹொப்ஸ் ஒன்றுதான் போடுவார்கள், அதனால் யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. இந்த வருசம் அங்கே கொடி காய்ந்துவிட்டது, பெரிய கொம்பனிகள் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டன என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். அதற்குப் பதில் வேறொன்று பார்க்க வேண்டும். அவனோடு கூடக் காய்ச்சுகிற கமலண்ணை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மேசையில் மூன்று எவர்சில்வர் கிண்ணங்கள், மூன்றிலும் பச்சை மாத்திரைகள். பக்கத்தில் ஒரு கடைப்பை நிறைய, அவருடைய வேலைத்தலத்துக்குப் பின்னால் ரயில்பாதை வேலியில் தன்பாட்டில் படர்ந்து கிடந்த காட்டு ஹொப்ஸ், பச்சையாய்ப் பிடுங்கினது. "நாலும் உனக்கு முன்னால கிடக்கு. கடைசியா எது போடுறது எண்டு நீதான் சொல்லவேணும், மூக்கா. எனக்கு இந்தப் பீனிசத்தோட மூக்கு மூச்சு விட மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கவிழ்த்த பெயின்ற் வாளியில் குந்திக்கொண்டார். நிசாகரன் தலையாட்டினான். "மணத்துக்கு இன்னும் நேரமிருக்குத்தானே, அண்ணை," என்றான். அவனுடைய மூக்கு போன மார்கழிக் காய்ச்சலோடு செத்துப்போய்விட்டது என்று அவன் இந்த நிமிடம்வரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நேரமிருக்கு. ஒரு மணித்தியாலம் இருக்கு. ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்று அகப்பையைச் சுழற்றச் சுழற்ற அவனுக்குத் தோன்றுகிறது. மார்கழியிலிருந்து இதுவரை போன காலம் முழுவதும் இந்தப் பானைக்குள் கொள்ளும்போல. காய்ச்சல் விட்ட அன்று காலை குளிக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. சவர்க்காரம் நுரைத்தது, வழுக்கியது, கண்ணை எரித்தது, ஆனால் அது சவர்க்காரமாக இல்லை, ஒரு வழுக்கலான கட்டியாக மட்டும் இருந்தது. பற்பசை குளிர்ந்தது, அவ்வளவுதான். கறி உறைத்தது, உப்பாயிருந்தது, புளித்தது, ஆனால் கறி இல்லை. இரண்டு கிழமையில் வந்துவிடும் என்று நினைத்தான். பிறகு தை பிறக்க வந்துவிடும் என்று. அப்போது தர்மினிக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. கலியாணம் கட்டிப் பதினொரு வருசம், ஊசி, மருந்து, கோயில், மறுபடி ஊசி, அதற்குப் பிறகு தங்கின பிள்ளை. அவள் நடக்கிறதே கையில் நிறைகுடம் ஏந்தினமாதிரி. அந்த நடைக்கு முன்னால் போய் எனக்கு ஒரு குறை வந்திட்டுது என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் வராத கதை நாளாக நாளாகத் தடித்துப்போகும், பால் ஆறினால் ஆடை தடிக்கிறமாதிரி. "இஞ்சேருங்கோ, இந்தப் பால் பழுதாப்போச்சோ எண்டு ஒருக்கா மணந்து பாருங்கோ" என்பாள். அவன் போத்தலில் திகதியைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்பான். மூக்கு செய்த வேலையை எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டான். சட்டையைப் போடமுதல் கக்கத்தைப் பார்க்கிறான். அடுப்பில் சட்டி அடிப்பிடிக்கிறதைச் சத்தத்தில் பிடிக்கிறான். இதோ இந்தக் காஸ் குழாயின் பூட்டில் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறான். காஸ் ஒழுகினால் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவன் ஒருவனுக்குத் தெரியாது. தீக்குச்சி கிழிக்கிற கையும் அவனுடையதாகத்தான் இருக்கும். "என்னடா, குழாய்க்குக் குளிப்பாட்டுறாய்?" என்று கமலண்ணை கேட்டபோது "கவனமா இருக்கிறது நல்லதுதானே" என்றான். இப்போதும் குமிழி இல்லை. இப்போது மட்டும் இல்லை. அகப்பையைச் சுழற்று. ஆஸ்பத்திரியில், சித்திரை மாதம், தர்மினியின் நெஞ்சில் அந்தச் சிவந்த சின்ன உருவத்தைக் கிடத்தினபோது, வேர்த்துக் களைத்துப்போன முகத்தோடு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "தலையை மணந்து பாருங்கோ. என்ன மணமப்பா இது." அவன் குனிந்தான். மூக்கு உச்சந்தலையின் ஈர மயிரில் பட்டது. சூடு பட்டது. அந்தத் துடிப்பு, எலும்பு மூடாத அந்த இடத்தின் துடிப்பு, உதட்டில் பட்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை. வெறுங்காற்று. "ஓம்," என்றான், "நல்ல மணம்." எந்தக் கதையை நினைத்தாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் நிற்கும். இங்கேயிருந்து வேறு வழியில் போய்ப் பார்க்கிறான், அந்த ஓம் திரும்பவும் குறுக்கே வந்து கிடக்கிறது. அந்த ஒரு ஓம் இல்லாமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் சின்ன விசயம். மூக்கடைப்பு, தடிமன், வரும் போகும். ஆனால் அந்த ஓம்.

"மூக்கா! பானை!" நுரை ஏறிவிட்டது. மண்ணிறத்தில், தடிப்பாய், மெதுவாக, ஒரு பெரிய மிருகம் நித்திரையில் புரண்டு எழும்புகிறதுபோல விளிம்புக்கு வந்துவிட்டது. அவன் அடுப்பைத் தணித்து அகப்பையால் நடுவில் பிளந்தான். நுரை ஒரு நிமிடம் யோசித்தது, பிறகு இறங்கியது. "நீ எங்கயடா நிக்கிறாய்? இஞ்சயோ, வன்னியிலயோ?" "இஞ்சதான், அண்ணை." "இது பிள்ளையின்ர பியர். விளங்குதோ? ஏழாம் மாதம் பிள்ளைக்கு முதல் சோறு தீத்தேக்க உள்ளுக்குப் பொம்பிளையள் பால்சோறு தீத்துவினம், கராஜுக்க நாங்கள் இதைத் தீத்துவம். சும்மா ஆடியில காய்ச்சினமாதிரி நினையாத." ஆடியில காய்ச்சினதைப் பற்றி ஏன் இப்போது சொல்கிறார் என்று நிசாகரன் ஒரு நொடி நின்றான். அந்தப் பியரை அவன்தான் முதலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்து, மூக்கடியில் ஒருமுறை சுழற்றி, "திறம்" என்று சொல்லி எல்லாருக்கும் நீட்டினது. எல்லாரும் குடித்தார்கள். ஒருவரும் இரண்டாவது கேட்கவில்லை. பிள்ளை சின்னன், வேளைக்குப் போவம் என்று எழும்பிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். கமலண்ணை காற்சட்டைப் பையிலிருந்து கச்சான் கடலை எடுத்து உடைக்கத் தொடங்கினார். கசப்புக்கான பிடியை நிசாகரன் நிறுத்துப் போட்டான். எண் இருந்தது, கணக்கு இருந்தது. மிஞ்சின ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துக் கடித்தான். இது அவனுடைய களவு, மார்கழியிலிருந்து. கசப்பு வந்தது. முதலில் நாக்கின் அடியில், பிறகு தொண்டையின் இரண்டு பக்கமும், பிறகு காதுக்குப் பின்னால் என்றுகூடச் சொல்லலாம், ஒரு கம்பியைச் சூடாக்கி மெதுவாக இறக்குகிறமாதிரி. எல்லாம் போன வீட்டில் இது ஒன்று போகாமல் நிற்கிறது. மணம் இருந்த காலத்தில் கசப்பை அவன் கவனித்ததே இல்லை. மணம் முன்னுக்கு நின்று கதைத்தது, கசப்பு பின்னால் சுவரோடு நின்றது. இப்போது வீட்டில் அது மட்டும்தான். ஒரு பூ. எங்கேயோ ஒரு வயலில் கயிற்றைப் பிடித்து இருபதடி ஏறி வெயிலைக் குடித்த பூ, தன்னைப் பூச்சி தின்னக்கூடாது என்று வைத்துக்கொண்ட கசப்பு, அது இவ்வளவு தூரம் வந்து ஒரு மனுசனுடைய நாக்கில் நீ இன்னும் இருக்கிறாய் என்று சொல்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு மயிர் கூச்செறியும். எவ்வளவு பெரிய விசயம், எவ்வளவு சின்ன மாத்திரைக்குள்.

பதில். பதிலுக்கு ஒன்று. அது அவனுக்குப் புதிதில்லை, சின்ன வயதில் முழுக்க முழுக்கப் பதிலிலேயே வளர்ந்தவன். சண்டையில் பாதை பூட்டி, ஊருக்குள் ஒன்றும் வரவிடாத காலம். மண்ணெண்ணெய் இல்லை; ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்து அதுதான் விளக்கு. பற்றரி இல்லை, அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றுவார், டைனமோ உறுமும், வானொலி செய்தி வாசிக்கும், அவருடைய கை களைத்தால் செய்தி வாசிக்கிறவருடைய குரலும் களைக்கும். சவர்க்காரம் இல்லை, பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள், வகுப்பு முழுக்கப் பனம்பழம் மணத்தது, ரீச்சரும் மணத்தா, ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் மணத்தார்கள். அந்த மணம் எப்படியிருந்தது? அதைத் தேடுகிறான். சொல் இருக்கிறது, பனம்பழம், செம்மஞ்சள், நார், பல்லிடுக்கில் மாட்டுகிறது, எல்லாம் இருக்கிறது. மணம் இருக்கவேண்டிய இடத்தில் படம் கழற்றின சுவரில் ஆணி மட்டும் நிற்கிறதுபோல ஏதோ நிற்கிறது. இதுதான் அவனை அதிகம் பயப்படுத்துவது. இனி வருகிற மணம் வராவிட்டால் போகட்டும், ஏற்கனவே வந்து உள்ளே இருந்ததுமா போய்விட்டது? அம்மாவின் சேலைத் தலைப்பு, அதுவும் போய்விட்டதா? மழைக்கு நனைந்த நாய்? அப்பாவின் கை? அப்பாவின் கையில் எப்போதும் ஒரு மணம் இருந்தது, ஏதோ ஒரு கூர்மையான மணம், அது என்ன? கைதான் ஞாபகம் வருகிறது. பெருவிரல் நகம் பாதி கறுத்த கை. தலையைத் தடவும்போது மயிர் ஒட்டிக்கொண்டு இழுபடும். ஏன் ஒட்டினது? தெரியவில்லை. அவர் செத்தபோது இவனுக்கு இங்கே விசா இல்லை, போனில்தான் பறையொலி கேட்டான். அந்தச் சத்தத்துக்கும் மணமில்லை. பானை கொதிக்கிறது. ஆவி முகத்தில் அடிக்கிறது. இந்த ஆவியில் முன்பெல்லாம் பாண் வேகிற மணமும் ஈர வைக்கோலும் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினது தெரிந்திருக்கிறமாதிரி. பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளில் போகிறவன் நின்று மூக்கைச் சுழித்துச் சிரித்துவிட்டுப் போகிறான். அந்தப் பொடியனுக்குக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது. அவனுக்குத் தெரியவே தெரியாது தன்னுடைய முகத்தின் நடுவில் எவ்வளவு பெரிய அதிசயம் முளைத்திருக்கிறது என்று.

"நேரம் வந்திட்டுது," என்றார் கமலண்ணை. கச்சான் கோதைத் தட்டிவிட்டு எழும்பி, முதல் கிண்ணத்தைத் தூக்கி நீட்டினார். இதற்கு ஒரு முறை இருக்கிறது, ஹொப்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற முறை. உள்ளங்கையில் நாலைந்தைப் போட்டு, மற்றக் கையால் மூடி, சூடேறும்வரை தேய்க்க வேண்டும். சூட்டில் எண்ணெய் அவிழும். உடனே இரண்டு கையையும் கூட்டி முகத்தை அதற்குள் புதைக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு அழுகிறமாதிரி இருக்கும். நிசாகரன் தேய்த்தான், புதைத்தான். உள்ளங்கை இருட்டு. சூடு. தூள். ஒன்றுமில்லை. "கொஞ்சம் மிளகு. கொஞ்சம் மண். எங்கட பழைய சாமானுக்குக் கிட்ட வராது," என்றான். இந்தச் சொற்கள் எல்லாம் நன்றாகவே ஓடிவரும், ஏழெட்டு வருசம் சொல்லிச் சொல்லிப் பழகின சொற்கள். கையைத் துடைத்தான். இரண்டாவது. தேய்த்தான், புதைத்தான். கடைக்காரன் இது கிட்டத்தட்ட அதுதான் என்று சொன்னதாகக் கமலண்ணை வரும்போதே சொல்லியிருந்தார், அதனால் முடிவு ஏற்கனவே எடுத்தாகிவிட்டது, இதைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் உடனே சொன்னால் மணந்து சொன்னமாதிரி இராது. "இது பரவாயில்லை. பூ மணம் இருக்கு. மற்றதையும் பாப்பம்." மூன்றாவது கிண்ணத்தில் மாத்திரைகள் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் பெரிதாய்க் கிடந்தன. தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். தேய்த்தபோது கையில் ஒட்டவில்லை. அதையும் பழசு என்று கணக்குப் போட்டான். முகத்தைப் புதைத்தான், மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் கூட நேரம், கண்ணை மூடி, ஒரு பெருமூச்சும் விட்டு. "இது வேற மாதிரி. எலுமிச்சம்புல் இருக்கு. அடியில கொஞ்சம் கொத்தமல்லி. ஆனா இந்தப் பியருக்கு எடுப்பா நிக்கும்." கண்ணைத் திறந்தான். கமலண்ணை சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனுசன், தகப்பனுடைய செத்தவீட்டிலேயே பகிடி விட்டவர், கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நிசா," என்றார். மூக்கன் என்று சொல்லவில்லை. "அது என்ர மேளின்ர முயலுக்குப் போடுற தீன்."

பானை கொதிக்கிற சத்தம் அப்போதுதான் இவ்வளவு பெரிதாயிருந்தது அவனுக்குத் தெரிந்தது. முயல். கமலண்ணையின் மகள் வளர்க்கிற முயல், வெள்ளையும் சாம்பலும், பெயர்கூட ஏதோ இருக்கிறது. அதனுடைய தீன். பச்சையாய், மாத்திரை மாத்திரையாய். அவனுடைய உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எலுமிச்சம்புல் இருக்கு, கொத்தமல்லி இருக்கு. சிரிப்பு வரும்போல இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் வரும்போல இருந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டுப்பட்டு நின்றன. "எப்ப தொடங்கி?" "மார்கழி." "காய்ச்சலோடயோ?" "ஓம்." "அப்ப ஆடியில காய்ச்சினதைத் திறம் எண்டு நீட்டினது?" "சும்மா சொன்னது, அண்ணை." "தெரியும். கோழிக்கூட்டுக்க குந்தியிருந்து குடிச்சமாதிரி இருந்தது. பீனிசக்காரன், எனக்கே மணத்துதெண்டாப் பாரன். திறம் திறம் எண்டு நானும் தலையாட்டினன்தானே." கமலண்ணை உள்கதவைப் பார்த்துவிட்டு, "தர்மினிக்கு?" என்று கேட்டார். நிசாகரன் இல்லை என்று தலையாட்டினான். "அப்ப பிள்ளையை..." என்று தொடங்கினவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்காத வசனம் கராஜுக்குள் நின்றது. அதற்கு வெளியே தெருவில் ஆரோ புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கமலண்ணை முயல் தீனைத் தன்னுடைய சட்டைப் பைக்குள் கொட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அந்தக் கடைப்பையை இழுத்து அவனுக்கு முன்னால் வைத்தார். "இதையும் மணந்து பார். மணக்காட்டி மணக்கேல்லை எண்டு சொல்லு. ரண்டாவது கிண்ணத்தைக் கொட்டிப்போட்டுப் பேசாம இருப்பம். எனக்கு நீ சரியாச் சொல்லத் தேவையில்லை, பொய் சொல்லாட்டிக் காணும்."

பொய் சொல்லத் தேவையில்லாமல் அவன் எதையும் மணந்து கனகாலம். பைக்குள் கையை விட்டான். கூம்புகள் உயிரோடு இருந்தன. காய்ந்த மாத்திரை இல்லை, தாள் தாளாய், மெல்லியதாய், குருவிக் குஞ்சின் செட்டைபோல. எப்போதோ ஒருவன் நட்டுவிட்டுப் போன கொடியாக இருக்கலாம், நட்டவனும் போய், தோட்டமும் போய், ரயில்பாதை வந்து, ரயிலும் நின்றுபோய், ஆரும் தண்ணீர் ஊற்றாமல், ஆருக்காக என்றில்லாமல், ஒவ்வொரு வருசமும் பனிக்குள் செத்து ஒவ்வொரு வருசமும் திரும்ப எழும்பி வேலியைப் பிடித்துக்கொண்ட கொடி. ஒரு பிடியை எடுத்துத் தேய்த்தான். மஞ்சள் தூள் உதிர்ந்து உள்ளங்கை ரேகை எல்லாம் நிரம்பியது. பிசின் பிடித்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட மறுத்தன. முகத்தைப் புதைத்தான். இருட்டு, சூடு. ஒன்றுமில்லை. சரி, ஒன்றுமில்லை என்று சொல்லுவம். ஒன்றுமில்லை என்று சொல்லலாம் என்பதே ஒரு சுகமாயிருந்தது, அந்தச் சுகத்தில் இன்னொரு மூச்சு தன்பாட்டில் உள்ளே போனது. போன மூச்சு எங்கேயோ தட்டுப்பட்டது. கண்ணுக்குப் பின்னால், மிக ஆழத்தில், பூட்டின அறைக்குள் ஆரோ இருந்த கதிரையை நிலத்தில் அரக்கி இழுத்தமாதிரி. அவன் அசையவில்லை. அசைந்தால் போய்விடும். இன்னொரு மூச்சு, மெதுவாக, களவாக. இருந்தது. கூர்மையாய், மெல்லிய கம்பியாய், மூக்குத் துவாரத்தின் ஒரு ஓரமாய் ஏறியது. அது பூ இல்லை. எலுமிச்சை இல்லை, மிளகு இல்லை, ஹொப்ஸ் எப்படி மணக்கும் என்று அவனுக்குத் தெரிந்த ஒன்றும் இல்லை. அது சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலுசன். சந்தேகமே இல்லை. பிதுக்கிப் பிதுக்கி வால் சுருண்டுபோன அந்தச் சின்ன ரியூப், ஊசியால் அதன் மூடியில் குத்துகிற ஓட்டை, தண்ணீர்ச் சட்டிக்குள் குமிழி விடுகிற இடத்தைக் குனிந்து தேடுகிற அப்பா, அரத்தாளால் தேய்த்து, சொலுசனைத் தடவி, பெருவிரலால் அமத்தி, அவசரப்படாத, காயட்டும் என்று சொல்லி, அந்தக் கையோடு, அந்த ஒட்டுகிற கையோடு, இவனுடைய தலையைத் தடவுகிற அப்பா. ஒட்டினது அதுதான். மயிரை இழுத்தது அதுதான். கையைத்தான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டு இருந்தான், கை வந்து முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

"என்னடா? நிசா? எரியுதோ?" அவன் கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, கைக்குள்ளிருந்தே, "மணக்குது, அண்ணை," என்றான். "என்ன மணக்குது?" "சொலுசன். சைக்கிள் ரியூப் ஒட்டுற சொலுசன்." கமலண்ணை ஒரு கூம்பை எடுத்து நசுக்கித் தன்னுடைய மூக்கில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார், கண் கலங்கும்வரை உறிஞ்சினார். "எனக்கு ஏதோ புளிக்கிற தோடங்காய்த் தோல்மாதிரிக் கிடக்கு. சொலுசன் இல்லை." "எனக்குச் சொலுசன்தான்." சரக்கு இல்லாத கடையில் ஆள் இருக்கிறது என்று நிசாகரன் நினைத்தான். மார்கழியிலிருந்து பூட்டிக் கிடந்த கடைக்குள் இருட்டில் ஒருத்தன் இருந்திருக்கிறான். தட்டின சத்தம் கேட்டு எழும்பி, கேட்ட சாமான் இல்லையென்று கையை விரிக்காமல், தடவித் தடவி எங்கேயோ அடித்தட்டில் முப்பது வருசம் கிடந்த ஒன்றை எடுத்து, இது இருக்கு, இது காணுமோ என்று நீட்டுகிறான். காணுமோ என்று கேட்கிறான். ஐயோ, காணாதா. "அப்ப இதைத்தான் போடுறம்," என்றார் கமலண்ணை, தராசைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு. "மற்றதுக்குச் சொன்ன நிறைதானே?" "இல்லை, அண்ணை, பச்சையெல்லே. காய்ஞ்சதுக்கு ஐஞ்சு மடங்கு போடவேணும்." சொல்லிவிட்டு, தராசைத் தள்ளிவிட்டு, பை முழுவதையும் தூக்கிப் பானைக்குள் கவிழ்த்தான். பானை கீரைச்சட்டிபோலப் பச்சையாய் நிறைந்தது. ஆவி எழும்பியது. அவன் அதற்குள் தலையை விட்டான். சொலுசன். கிழிந்து கிழிந்து, நடுநடுவே ஒன்றுமில்லாமல் போய், மறுபடி வந்து, சைக்கிள் கடை முழுக்கச் சொலுசன். "உலகத்தில ஒருத்தனும் சொலுசன் பியர் குடிச்சிருக்க மாட்டான்," என்றார் கமலண்ணை. "குடிச்சால் ஓட்டையெல்லாம் அடைபடும்."

அடுப்பை நிப்பாட்டி, செப்புச் சுருள் குழாயைப் பானைக்குள் இறக்கி, கொதி ஆற அதற்குள்ளால் குளிர் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது உள்கதவு திறந்தது. தர்மினி. இடுப்பில் பிள்ளை, இயலினி. நித்திரையால் எழும்பின முகம், ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு. "இன்னும் முடியேல்லையோ இந்த வேள்வி? கமலண்ணை, சாப்பிட்டுப் போங்கோ, இடியப்பம் கிடக்கு." "இல்லைத் தங்கச்சி, முயல் பட்டினியாக் கிடக்கு," என்றார் அவர், சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு. நிசாகரன் குழாயில் கையைக் கழுவினான். பிசின் போகவில்லை. சவர்க்காரம் போட்டான், முழங்கை வரைக்கும் போட்டான், அப்பவும் விரல்கள் ஒட்டின. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல், குனிந்து, இயலினியின் உச்சந்தலையில் மூக்கை வைத்தான். வைத்துவிட்டு மூச்சை இழுக்கப் பயமாயிருந்தது. இழுக்காமல் நின்றான். மயிர் இப்போது அடர்ந்துவிட்டது, அந்தத் துடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, ஆஸ்பத்திரியில் உதட்டில் பட்ட அதே துடிப்பு. ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லுவம். இழுத்தான். சூடு. துடிப்பு. வெறுங்காற்று, வெறுங்காற்று, பிறகு, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரோ கூப்பிட்டமாதிரி மெல்லிசாக, அது. கையில் பிடித்த மணம்தானா என்று கையை இன்னும் தள்ளி, முதுகுக்குப் பின்னால் எட்டின மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திரும்ப இழுத்தான். கையின் மணம் இல்லை. அதுக்கு ஒரு பச்சைக் கூர் இருந்தது. இதில் அது இல்லை. இது மெல்லிசு, சூடு, கொஞ்சம் பால் புளித்தமாதிரி, ஆனால் அதே கடைக்காரன் அதே தட்டிலிருந்து எடுத்ததுதான். அவனுடைய பிள்ளையின் தலை சொலுசன் மணத்தது. பிள்ளை கையை நீட்டி அவனுடைய காதைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. நின்றுகொண்டே இருந்தான். "என்னப்பா இது," தர்மினி சிரித்தாள், "இண்டைக்குத்தான் முதல்முதல் மணக்கிறமாதிரி நிக்கிறியள்."

கமலண்ணை மேசையில் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார், அடுக்கினதைப் பிரித்துத் திரும்ப அடுக்கினார். "ஓம்," என்றான் நிசாகரன், தலையை எடுக்காமல். "இண்டைக்குத்தான்." ஆஸ்பத்திரியில் சொன்ன அதே ஓம். அதே ஒரு சொல், அதே தலை, அதே காது கேட்கிறது. அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையை, காஸ் குழாயை, அவனுடைய கட்டின கையைப் பார்த்தாள். ஏதோ ஒவ்வொன்றாக அவளுக்குள் தன் இடத்தில் போய் அமர்கிறது அவளுடைய முகத்தில் தெரிந்தது. பாலைப் பற்றி நினைக்கிறாளாக்கும். இல்லை, சித்திரை மாதத்தை. "உள்ள வாங்கோ," என்றாள், சத்தமில்லாமல். "இதை மூடிப்போட்டு உள்ள வாங்கோ. எனக்கு எல்லாம் சொல்லவேணும்." பிள்ளையின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. கமலண்ணை தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாறன், மூக்கா," என்றார், அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறமாதிரி. பாதைக்கு இறங்கினவர் காரடியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

பிறகு அவன் செய்யவேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்தான். ஆறின தண்ணீரை வாளிக்கு இறக்கினான், ஊறி நசிந்துபோன பூக்கள் பானையின் அடியில் தங்கின. நொதிக்கவைக்கிற ஈஸ்றைத் தூவினான். மூடியை அமத்தினான். காஸ் குழாயைக் கழற்றி, பழக்கத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு, குமிழி பார்த்தான், இல்லை. இன்னும் கனநாளைக்குக் குமிழிதான் பார்க்கவேணும். நாளைக்கு எழும்பும்போது அந்தச் சொலுசனும் இருக்குமோ தெரியாது. இருந்தால் தேத்தண்ணியும் சொலுசன், மல்லிகையும் சொலுசன், மீன்குழம்பும் சொலுசனாகத்தான் இருக்கும், ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் திரும்பக் கட்டவேணும். எப்படியும் கட்டலாம். ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செய்தி கேட்டவர்கள்தானே. கராஜ் கதவை இறக்கினான். இருட்டில் ஒருமுறை உள்ளங்கையை முகத்தில் பொத்திப் பார்த்தான், அவசரப்படாமல், காயட்டும் என்று. உள்ளே பிள்ளை ஏதோ சத்தம் போட்டாள். அவன் திறந்து கிடந்த கதவை நோக்கி நடந்து போனான்.